மீன் குளம்: தண்ணீர் வேலையை யார் பார்ப்பது?

கொஞ்ச நாளாகவே எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்த விஷயம் இது. புனே பக்கம் தனி வீடு, ரோ ஹவுஸ் என்று வாங்கிக் குடியேறிய நம்ம ஆட்களில் வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்டு விடுகிறார்கள். "சார், பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு. சின்னதா ஒரு குளம் கட்டி கோய் மீன் விடலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. எவ்வளவு பெரிசா கட்டணும்?" என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், எனக்குச் சோறு போடுவது கழிவுநீர் சுத்திகரிப்பு. மீன் குளம் என்பதும் ஒரு குட்டி கழிவுநீர் நிலையம்தான் என்று எப்போதோ ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து இந்த வழக்கு என் தலையில் விழுந்திருக்கிறது :-)

எவ்வளவு பெரிசு என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒரு எதிர்க்கேள்வி கேட்பேன். "அந்தத் தண்ணீர் வேலையை யார் பார்ப்பது?" வேலைக்கார அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஆள் இருக்கு சார்" என்பார்கள். நான் கேட்டது அது இல்லை. அலங்கார மீன் வளர்ப்புக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் இந்த ஒரே கேள்விக்கு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் கண்டுபிடித்த பதில்கள்தான் வரிசையாக வருகின்றன. குளத்தின் அளவும் அங்கேயிருந்துதான் வருகிறது.

முதலில் சீனா. தங்கமீனின் முன்னோர், ஆறு குளங்களில் திரிந்த ஒரு சாம்பல் பச்சை நிறக் கெண்டை வகை. சாதாரணமாகச் சாப்பிடுகிற மீன். எப்போதாவது ஒன்று செந்நிறத்தில் பிறக்கும். அப்படிக் கிடைத்ததை வெட்டிக் குழம்பு வைக்க மனசு வராமல் பௌத்த கோயில்களின் குளத்தில் விட்டார்கள். பிடித்த உயிரை விடுவிப்பது புண்ணியம் என்பதால் அதற்கென்றே குளங்கள் இருந்தன. 11ஆம் நூற்றாண்டில் ஹாங்சோ நகரில் அதிகாரியாக இருந்த கவிஞர் சூ தோங்போ அங்கிருந்த தங்க நிற மீன்களைத் தன் கவிதையில் குறிப்பிட்டிருக்கிறார். 1162ல் பதவி விலகிய சோங் வம்சப் பேரரசர் காவோசோங், அதே ஹாங்சோவில் தன் ஓய்வு மாளிகையில் தங்கமீனுக்கென்று குளம் வைத்திருந்தார்.

அந்தக் குளங்களில் தண்ணீர் வேலையை யார் பார்த்தார்கள்? சேறும் தாமரையும். குளம் பெரிசு, அடியில் மண், மீன் கொஞ்சம். மீன் போடும் கழிவை மண் வாங்கிக்கொண்டது, செடி அதைச் சாப்பிட்டது. மீனும் நிறம் மாறியதே தவிர உடம்பு வாகில் பழைய கெண்டையாகவே இருந்தது. நீந்தத் தெரிந்த மீன்.

அப்புறம் மிங் வம்சக் காலத்தில் மீன் குளத்தை விட்டு வீட்டுக்குள் வந்தது. பெரிய மண் தாழி, பீங்கான் தொட்டி. 1596ல் சாங் சியாந்தே என்பவர் செந்நிற மீன் வளர்ப்பு பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். நிறைய வாங்கு, பல தாழிகளில் பிரித்துப் போடு, தினமும் பார்த்துச் சுமாரானதைக் கழி, நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறினால் போதும் என்பது அவர் முறை. தாழியில் சேறு கிடையாது, ஓட்டம் கிடையாது. அங்கே தண்ணீர் வேலையைப் பார்த்தது மனிதக் கைகள். அடியில் சேர்வதை எடுத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி நிரப்பி.

இதில் ஒரு விசித்திரம் நடந்தது. தாழிக்குள் எதிர்நீச்சல் போட வேண்டியதில்லை, கொக்கிடமிருந்து தப்பி ஓட வேண்டியதில்லை. ஆகவே வேகமில்லாத மீனும் பிழைத்தது. இரட்டை வால், உருண்டை வயிறு, பிதுங்கிய கண் என்று ஆற்றில் ஒரு வாரம் தாங்காத உருவங்கள் எல்லாம் தாழியில் வாழ்ந்தன, மனிதன் அவற்றையே தேர்ந்தெடுத்து வளர்த்தான். இன்றைக்குக் கடையில் பார்க்கிற பொம்மை மாதிரித் தங்கமீனைச் செய்தது பாதி மனிதன், பாதி அந்தத் தாழி. குளம் ஒரு மீனைக் கொடுத்தது, தாழி வேறொரு மீனைக் கொடுத்தது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கமீன் ஜப்பானுக்குப் போனது. நாரா அருகே யமாதோகோரியாமா என்று ஓர் ஊர். 1724ல் யானகிசாவா யோஷிசாடோ என்ற பிரபு அங்கே மாற்றலாகி வந்தபோது தங்கமீனும் கூட வந்தது என்பது அந்த ஊர் வரலாறு (ட்ரான்ஸ்பர் ஆர்டரோடு மீன் தொட்டியும் தூக்கிக்கொண்டு வந்த முதல் ஆபீசர் போல). அவருடைய சாமுராய்கள் அதைப் பக்க வருமானமாக வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேஜி ஆட்சியில் சாமுராய்களின் மானியம் போன பிறகு அதுவே பலருக்குப் பிழைப்பானது. விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். பாசனக் குளங்கள் ஏற்கெனவே இருந்ததால் தண்ணீர் வேலையை வயல் பார்த்துக்கொண்டது.

கோய் கதை இன்னும் சுவாரசியம். ஜப்பானிய மொழியில் கோய் என்றால் வெறும் கெண்டை. நாம் கோய் என்று சொல்லும் கலர் மீனுக்கு அவர்கள் வைத்த பெயர் நிஷிகிகோய். நிஷிகி என்றால் ஜரிகை வேலைப்பாடு செய்த பட்டு. நம் பாஷையில் 'காஞ்சிபுரம் கெண்டை' என்று வைத்துக்கொள்ளலாம்.

இது பிறந்த இடம் அரண்மனை இல்லை. நீகாட்டா மாகாணத்தில் யமகோஷி, ஓஜியா சுற்று வட்டார மலைக் கிராமங்கள். ஆள் உயரத்துக்கு மேல் பனி கொட்டும் பிரதேசம். குளிர்காலத்தில் வெளி உலகத் தொடர்பே இருக்காது. படிப்படியான நெல் வயல்களுக்குத் தண்ணீர் தேக்க மலையில் வெட்டிய குளங்களில் சாப்பாட்டுக்காகக் கருப்புக் கெண்டை விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதில் சிவப்பும் வெள்ளையுமாகச் சில தலைகாட்டின. விவசாயிகள் அவற்றைச் சாப்பிடாமல் பிரித்து வைத்தார்கள். நூறு வருஷம் இது அந்த மலைக்காரர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. 1914ல் டோக்கியோவில் நடந்த தைஷோ கண்காட்சிக்கு இந்த மீன்களைக் கொண்டு போனார்கள். அதன் பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. 2018ல் ஒரே ஒரு கோய் 20 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது. ஆரம்பம் என்னவோ ஏழைக் குடியானவனின் குளிர்காலக் கறிச் சட்டி.

அங்கே இன்றும் வழக்கம் இதுதான்: கோடை முழுக்க மீன் மலை மேல் சேற்றுக் குளத்தில் வளரும், இலையுதிர் காலத்தில் பிடித்து உள்ளே கொண்டு வருவார்கள். களிமண் அடித்தளம் கொண்ட அந்தக் குளத்தில் ஃபில்டர் கிடையாது. மண்ணும் பாசியும் மழைத் தண்ணீரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன.

2004 அக்டோபர் 23 அன்று நிலநடுக்கம் அந்த மலைகளைப் புரட்டிப் போட்டது. சரிவுகள் இடிந்து சாலைகள் போயின. மண் விழுந்து ஆறு அடைபட்டு வீடுகள் மூழ்கின. யமகோஷியின் இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனங்களையும் ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். குளங்கள் பிளந்து தண்ணீர் வடிந்தது, ஏராளமான மீன்கள் செத்தன. மிஞ்சியவற்றில் தாய் மீன்களையும் பிறகு ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். வீடு போன மனுஷன் மீனுக்கு ஏன் அலைகிறான் என்று தோன்றும். பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்த வம்சம் அது. விதை நெல் மாதிரி. ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது புரியாமல் போகாது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். ஔரங்கசீப் காலத்தில் இந்தியாவில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், 1665 வாக்கில் காஷ்மீரில் ஓர் அரச தோட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். குளத்தில் கூப்பிட்டால் வரும் பழகிய மீன்கள், பெரிய மீன்களின் மூக்கில் தங்க வளையம். போட்டது ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் என்று அவருக்குச் சொன்னார்களாம். முகலாயத் தோட்டக் குளங்கள் கல் கட்டியவை, பெரிய ஆழமும் இல்லை. எப்படி மீன் இருந்தது? மலை ஊற்று இடைவிடாமல் உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வேலையை ஊற்றே பார்த்தது. குளிர்ந்த ஓட்டம் இருந்தால் ஆழம் குறைந்தாலும் பிழைக்கலாம்.

நம் ஊர்க் கோயில் குளத்தில் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குளங்களுக்கு வரத்து வாய்க்கால் இருந்தது, அடியில் மண் இருந்தது. வாய்க்காலை அடைத்து வீடு கட்டினால் கோடையில் மீன் செத்து மிதக்கத்தான் செய்யும். மதுரைப் பொற்றாமரைக் குளம் மட்டும் விதிவிலக்கு. அங்கே மீனே கிடையாது என்பதற்குத் திருவிளையாடலில் ஒரு நாரை கதை இருக்கிறது. மீனைக் கண்டால் தின்னத் தோன்றி பாவம் சேரும், ஆகவே இந்தக் குளத்தில் மீனே வேண்டாம் என்று நாரையே வரம் கேட்டதாம். புனே கொக்குகளுக்கு அந்த அளவுக்கு வைராக்கியம் இல்லை. குளத்துக்கு மேல் வலை கட்டத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் 1850ல் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன், கொஞ்சம் நீர்ச்செடி, சில நத்தை போட்டு, தண்ணீர் மாற்றாமலே நாள் கணக்கில் காப்பாற்றிக் காட்டினார். செடி ஆக்சிஜன் கொடுத்தது, அழுகிய இலையை நத்தை தின்றது. கண்ணாடித் தொட்டி மோகம் அந்த வருஷங்களில்தான் கிளம்பியது. சோதனையில் அவர் சொன்ன சமநிலையை விட்டுவிட்டு, கண்ணாடியை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. உருண்டைக் குடுவையில் ஒற்றைத் தங்கமீன் என்பதும் அதே மாதிரிக் கொடுமை. 2005ல் ரோம் மாநகராட்சி அந்த உருண்டைக் குடுவைக்குத் தடையே போட்டது. தங்கமீன் அற்பாயுசு என்று நினைப்பவர்களுக்கு: 1956ல் இங்கிலாந்தில் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை, 43 வருஷம் வாழ்ந்தது. குடுவையில் ஆறு மாசத்தில் சாவது மீனின் ஆயுசு இல்லை, தண்ணீரின் ஆயுசு.

கடைசிப் பதில் என் தொழில் சம்பந்தப்பட்டது. 1877ல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் சாக்கடைத் தண்ணீரை மணல் வழியாக மெல்ல இறக்கினார்கள். சில நாள் கழித்து அதிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வந்தது. குளோரோஃபார்ம் ஆவி கொடுத்ததும் மாற்றம் நின்றுவிட்டது. ஆகவே மணலில் ஏதோ உயிர் இருந்து வேலை செய்கிறது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தார். ஹாங்சோ சேற்றிலும் நீகாட்டா களிமண்ணிலும் நூற்றாண்டுகளாகத் தண்ணீர் வேலை பார்த்த ஆட்கள் இவர்கள்தான். இன்றைக்கு ஃபில்டர் என்று காசு கொடுத்து வாங்குவது, இவர்கள் குடியிருக்க ஒரு வாடகை வீடு. அவ்வளவே.

இப்போது அளவு. மீன் தீனி 100 கிராம் போட்டால் சுமார் 3 கிராம் நைட்ரஜன் அம்மோனியாவாகத் தண்ணீரில் சேரும். நன்றாக வளர்ந்த ஐந்து கோய்க்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தீனி என்று வையுங்கள். 1,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரே நாளில் லிட்டருக்கு 3 மில்லிகிராம். வெயிலும் காரத்தன்மையும் கூடிய தண்ணீரில் அதில் கால்வாசியே செவுளைக் கெடுக்கப் போதும். அதே ஐந்து மீன் 5,000 லிட்டரில் இருந்தால் 0.6 மில்லிகிராம். ஒரு நாள் கரண்ட் போய் ஃபில்டர் நின்றாலும் சமாளிக்கலாம். வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டர் என்று அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்குக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் 240 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 6,800 லிட்டர். ஆறு கோய், அதற்கு மேல் ஒன்று கூட வேண்டாம். ஓரம் வளைவும் சரிவுமாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தத் தண்ணீரும் ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும், ஆக மணிக்கு 3,400 லிட்டர் பம்ப். 50 வாட் பம்ப் என்றால் மாசம் 36 யூனிட். பம்பை ராத்திரி நிறுத்தக் கூடாது, பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். வாரம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 680 லிட்டர் மாற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில் நைட்ரேட் இருக்கும், கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் விட்டால் ஜம்மென்று வரும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஹைப்போ போட்டு முறித்து விடுங்கள்.

அவ்வளவு இடம் இல்லையா? 6 அடிக்கு 4 அடி, ஆழம் 2 அடி. சுமார் 1,350 லிட்டர். நேர் உடம்புத் தங்கமீன் பத்து வரை தாராளமாக இருக்கும். கோய் கூடாது. அது இரண்டு அடி நீளம் வளரும் பிராணி.

ஆழம் ஏன் இவ்வளவு என்றால், தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 தான். ஆழமில்லாத தண்ணீர் மதியத்துக்குள் வெந்நீர் ஆகிவிடும். குளிர்நாட்டு மீனை நம் ஏப்ரல் வெயிலில் வைக்கிறோம், பாதிக் குளத்துக்காவது நிழல் வேண்டும். சிமெண்ட் குளம் என்றால் சுண்ணாம்புக் காரம் இறங்கும், பல தடவை நிரப்பிக் காலி செய்த பிறகே மீன். மொட்டை மாடியில் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1,000 லிட்டர் என்பது ஒரு டன். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் வேண்டாம்.

இதையெல்லாம் நான் விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் இருக்கும் சொசைட்டியில் பில்டர் கட்டிக் கொடுத்த அலங்காரக் குளம் ஒரு அடி ஆழம். ப்ரோஷரில் ஜப்பானியத் தோட்டம் என்று போட்டிருந்தது. டைல்ஸ் பளபளக்கும், ஃபவுண்டன் உண்டு, ஃபில்டர் இல்லை. ஒவ்வொரு மே மாசமும் மீன் செத்து மிதக்கும், ஸ்கூல் லீவில் பசங்க அதைச் சுற்றி நின்று பார்க்கும், ஜூனில் புது மீன் வாங்கி விடுவார்கள். மூன்றாவது வருஷம் ஜெனரல் பாடி மீட்டிங்கில் நான் கணக்கை எழுதிக் கொடுத்தேன். ஒன்று ஆழப்படுத்தி ஃபில்டர் போடுங்கள், இல்லை மீனை விட்டுவிட்டு அல்லி வையுங்கள். இரண்டு மணி நேர சண்டைக்குப் பிறகு அல்லி ஜெயித்தது. அழகு குறைந்துவிட்டது என்று இன்னும் சிலருக்கு என் மேல் வருத்தம். பரவாயில்லை.

இதே புனேயில் சிங்கட் ரோட்டில் பு.ல. தேஷ்பாண்டே பூங்கா இருக்கிறதே, அது ஜப்பானின் ஒகயாமா நகரிலுள்ள கோராகுவென் தோட்டத்தை மாதிரியாக வைத்து அமைத்தது. மூலத் தோட்டம் 1687ல் தொடங்கி 1700ல் முடிந்தது. அடுத்த தடவை பசங்களோடு போகும்போது பாலத்தில் நின்று போட்டோ எடுப்பதோடு விடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கூடவே நடந்து பாருங்கள். தோட்டம் போட்டவன் முதலில் யோசித்தது அதைத்தான்.

இன்னொரு விஷயம். நீங்கள் கடையில் பாலிதீன் பையில் வாங்கும் தங்கமீன் அநேகமாக வெளியூர் சரக்கு. சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம், அங்கிருந்து நாடு முழுக்கப் போகிறது. நம்மைப் போலவே ஊரை விட்டு ரயிலேறி வந்த ஜீவனாக இருக்கலாம். வந்த புதிதில் தண்ணீர் ஒத்துக்கொள்ள நமக்கே எத்தனை நாள் ஆனது! அதற்கும் இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் அவகாசம் கொடுங்கள். நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஒழுங்காக வைத்தால் கோய் 25, 30 வருஷம் இருக்கும். நம்ம வாடகை அக்ரிமெண்ட் 11 மாசம். மாற்றல் வந்தால், ஆன்சைட் வந்தால், பெண் படிப்புக்காக ஊருக்கே திரும்பினால், அந்த ஆறு மீனையும் யார் வாங்கிக்கொள்வார்கள் என்று குழி தோண்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஏரியில் கொண்டு போய் விடுவது புண்ணியம் இல்லை. வெளிநாட்டு மீன் அங்கே பெருகினால் உள்ளூர் மீனுக்குத்தான் ஆபத்து. பதில் தெரியவில்லை என்றால், 200 லிட்டர் சிமெண்ட் தொட்டி ஒன்று, அதில் ஓர் அல்லிக் கிழங்கு, கொசுப்புழு தின்ன பத்துக் கப்பி மீன். தண்ணீர் வேலையைச் செடியே பார்த்துக்கொள்ளும். காலையில் காபியோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவும் குளம்தான்.